அரைஞாணில் விழுந்த முடிச்சு

கருட சேவைக்கு மூன்று பிள்ளைகளையும் நானே தனியாக அழைத்துப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. "நீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அந்த ஒரு "நீங்களா"வுக்காகத்தான் நான் அத்தனை பாடும் பட்டேன்.

வைகாசி மாதம். பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் மூன்றும் நாள் முழுக்கத் தறியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. பெரியவளுக்கு எட்டு வயது, நடுப்பெண்ணுக்கு ஆறு, கடைக்குட்டிப் பையனுக்கு மூன்று. லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று போகிறவர்கள் போகட்டும். காஞ்சிபுரத்து நெசவுக்காரன் பிள்ளைகளுக்கு உல்லாசப் பயணம் என்றால் ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்கு நடப்பதுதான். அதில் பெரிய பயணம் கருட சேவை. அன்றைக்கு ஊரே தறியை நிறுத்திவிடும்.

ராஜ வீதியில் என் மனைவியின் அக்கா வீடு. விருந்தாளிகளுக்குச் சமைக்க இவள் விடியும் முன்பே அங்கே போய்விடுவாள். நான் பிள்ளைகளுக்குச் சாமி காட்டிவிட்டு அக்கா வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பந்தயம் எதுவும் கட்டவில்லை. ஆனாலும் அது பந்தயம்தான்.

"எண்ணிக்கினே வாங்க" என்று முதல் நாள் இரண்டு தரம் சொன்னாள். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் ஓடுகிற ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று குறைந்தால் விரல் நுனியாலேயே கண்டுபிடிக்கிறவன் நான். என்னிடம் போய் மூன்றை எண்ணச் சொல்கிறாள்.

சேலையை அறுத்து எடுத்த பிறகு தறியில் மிஞ்சுகிற நூலை நான் எறிவதில்லை. அந்த அரக்குச் சிவப்புப் பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி நீளமாக ஒரு கயிறு திரித்தேன். ஒரு முனை என் இடுப்பில். அடுத்து பெரியவள், அப்புறம் நடுப்பெண். கடைசி முனையைப் பையனின் அரைஞாணோடு சேர்த்து முடிந்தேன். இப்படி நாங்கள் நால்வரும் தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் மாட்டுச் சந்தைக்கா என்று கேட்டார். அவருக்கு என்மேல் எப்போதும் பொறாமை.

பையன் அந்த வயதில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைத்துக் கடிப்பான். வழியிலேயே கயிற்றைக் கடிக்க ஆரம்பித்திருந்தான். பார்த்தேன். என் பட்டை மூன்று வயதுப் பல் அறுத்துவிடுமா என்று விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் மூச்சு விட இடமில்லை. குடைகள் அசைந்து அசைந்து வர, கருடன்மேல் பெருமாள் தெரிந்ததும் எல்லாக் கைகளும் மேலே போயின. அந்த நேரம் பார்த்துக் கயிறு தொய்ந்தது. இழை அறுந்தால் நெசவுக்காரன் பதற மாட்டான். கண் பாட்டுக்குப் பூவேலையில் இருக்கும், விரல் போய் அறுந்த முனையைப் பிடித்து முடிந்துவிட்டு வரும். அன்றைக்கும் விரல்தான் போயிற்று. தொய்ந்த கயிற்றை இழுத்து நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் துழாவினேன். சந்தனம் பூசிய ஒரு மொட்டைத் தலை தட்டுப்பட்டது. என் பையனுக்குப் போன வாரம்தான் மொட்டை போட்டிருந்தோம். கீழே அரைஞாண் அகப்பட்டது. முடிந்தேன். பெருமாளிடமிருந்து கண்ணை ஒரு கணம்கூட எடுக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

பெரியவள் "அப்பா" என்றாள். பேசாமல் கும்பிடு என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "அப்பா" என்றாள். சாமி பார்க்கும்போது என்ன தொணதொணப்பு என்று அதட்டினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது மூன்று இடத்தில் எண்ணினேன். மூன்று தரமும் மூன்று தலை இருந்தது. அக்கா வீட்டு வாசலில் மார்பை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து விரல் நீட்டி எண்ணினாள். மூன்றாவதில் விரல் நின்றது.

"இது யார் புள்ளங்க?"

கயிற்றின் கடைசியில் கொழுகொழுவென்று யாரோ ஒரு பையன் பாதி முறுக்கோடு நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். நடுப்பெண்ணின் கையில் மீதி முறுக்கு.

"ரெண்டு வாட்டி கூப்ட்டனே" என்றாள் பெரியவள். "நீதான பேசாம கும்புடுன்ன?"

என் பிள்ளையை அந்த ஜனக் கடலில் விட்டுவிட்டு, ஊரான் பிள்ளையைக் கட்டி இழுத்து வந்திருந்தேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. கத்தி தேட என் மனைவிக்குப் பொறுமை ஏது? முறுக்குப் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓடியதால் நடுப்பெண் ஓடினாள், பெரியவள் ஓடினாள், கடைசியில் நானும் இழுபட்டு ஓடினேன். பெருமாளைப் பார்க்க வந்த ஜனம் எங்களுக்கு வழிவிட்டு வேடிக்கை பார்த்தது.

நாங்கள் சாமி கும்பிட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல். அங்கே பத்துப் பேர் குனிந்து நின்றார்கள். பிள்ளை வாயெல்லாம் ரத்தம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். நடுவில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து என் பையனை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். அவன் வாய், மோவாய், சட்டை எல்லாம் சிவப்பு. அரைஞாணில் ஒரு சாண் கயிறு தொங்க, அதன் நுனியை இன்னமும் மென்றுகொண்டிருந்தான். ரத்தம் இல்லை, அரக்குச் சாயம். உயிர் வந்தது. கூடவே, எச்சிலுக்கே சாயம் விடுகிற பட்டு யார் தறியில் ஓடியது என்று இத்தனை பேர் கேட்பார்களே என்ற வெட்கமும் வந்தது.

அவனை மடியில் வைத்திருந்தவள் தென்னேரிக் கிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்த குடியானவப் பெண். தன் பிள்ளையை வாங்கிக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இவனைத் தேடிக்கினு வர்றவங்கதான் என் புள்ளைய வெச்சிக்கினு இருப்பாங்கன்னு இங்கியே குந்திக்கினேன்மா" என்றாள் என் மனைவியிடம்.

அங்கே அறிவோடு நடந்துகொண்டது அவள் ஒருத்திதான். பந்தல்காரர் எலுமிச்சம்பழம் நறுக்குகிற கத்தியால் முடிச்சை அறுத்தார். நல்ல முடிச்சு என்று வேறு சொன்னார்.

வீடு வரைக்கும் பையனைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவன் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு, ஒன்று, ஒன்று என்று அவனை மட்டும் எண்ணிக்கொண்டே நடந்தேன். என் மனைவி திட்டுவாள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பெண்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த வைகாசியில் கயிற்றை அவளே திரித்தாள். பிள்ளைகள் யாரையும் கட்டவில்லை. ஒரு முனையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு, மறு முனையோடு என்னிடம் வந்தாள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முடிச்சுப் போட வாகாக நான் கையை நீட்டினேன்.