நிலைகொள்ளாத கால்

சஃபியா கோட்டைமேட்டில் ஒரு பெண்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை. தொண்ணூற்று நான்கில் ஒரு நாள் சூலூருக்குப் போகும் வழியில், பஸ் சிங்காநல்லூரில் நின்றது. வெளியே ஒரு பெண், இடுப்பில் துணிமூட்டையோடு, வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். சஃபியா கைக்குக் கிடைத்த தாளில் அவளை அவசரமாக வரைந்தாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

உள்ளங்கையளவு படம்தான். ஆனாலும் அந்தப் பெண் இப்போதே ஓடிவிடுவாள் போலிருந்தது. அவளை ஆளுயரத்துக்கு வரைந்தே தீரவேண்டும் என்று சஃபியாவுக்குப் பிடித்துக்கொண்டது. காடாத்துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்தாள். தாளில் சின்னக் கட்டமும் துணியில் பெரிய கட்டமும் போட்டு, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள். அளவு எங்கும் பிசகவில்லை. ஆனால் ஜவுளிக்கடைப் பொம்மைதான் வந்தது.

துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். மறுபடியும் பொம்மை. அடுப்பில் சோறு தீய்ந்தது.

"நல்லாத்தான இருக்குது, உட்டுரு சஃபியா," என்றார் கணவர் கலீல் ரஹ்மான்.

"இல்லீங்க. இவ சும்மா நிக்கறா."

"நிக்கற பொம்பளையத்தான வரைஞ்ச?"

சஃபியா மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுச் சிங்காநல்லூருக்கே போனாள். அந்தப் பெண்ணைக் காணோம். வெயிலில் வெகுநேரம் காத்திருந்தாள்.

கடலை விற்றுக்கொண்டிருந்த ராமாத்தாள் கூப்பிட்டாள். "ஏனுங்க அம்மணி, எந்தூர் பஸ்ஸுக்கு நிக்கறீங்க?"

"எந்த பஸ்ஸுக்கும் இல்லீங்க."

"அப்பறம் ஏனுங்க காலு ஒரு எடத்துல நிக்க மாட்டீங்குது?"

சஃபியா குனிந்து தன் காலைப் பார்த்தாள். சட்டென்று பையிலிருந்து படத்தை எடுத்தாள். அதில் இடது குதிகாலுக்கு இரண்டு கோடுகள் இருந்தன. வரையும்போதே அந்தப் பெண் காலை மாற்றியிருக்கிறாள். துணியில் வரைந்தபோது சஃபியா அதைப் பிழையென்று நினைத்து, ஒரே கோடாகத் திருத்தியிருந்தாள். கழுத்தையும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து கட்டங்களையும் பொம்மையையும் அழித்தாள். கரித்துண்டால், தோளிலிருந்தே கையை வீசி வரைந்தாள். தப்பின கோடு ஒன்றையும் துடைக்கவில்லை. அவை மறையாதபடி மெலிதாக வண்ணம் பூசினாள்.

கலீல் ரஹ்மான் வாசலிலேயே நின்றுவிட்டார். "அட, இவளுக்கு பஸ்ஸு போயிரும்போல இருக்குதே!"

சஃபியா சிரித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரில் நடந்த ஒரு கண்காட்சியில் படத்தை வைத்தாள். கால் கலங்கலாக இருக்கிறதே என்றார்கள் சிலர். யாரும் வாங்கவில்லை. படம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, மூட்டையைப் பிடித்த கை சரியாக வரவில்லை என்று அவளுக்கு உறுத்தியது. அடுத்த வாரமே புதுத் துணி வாங்கி வந்து சட்டத்தில் இழுத்துக் கட்டினாள்.