பதுளை ஓயாக் கரையில் மூன்று ஏக்கர்

போன மாசியில், கடைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு நிலம் பார்க்கக் கிளம்பினேன். நிலம் எனக்கில்லை, தங்கை புருஷன் முத்தையாவுக்கு. வேலையை விடுவதாக அவரே தேயிலைத் தோட்டத்தில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டம் கொடுத்த லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அன்று வியாழன். பதுளை ஓயா என்கிற ஆற்றின் கரையில் குத்தகைக்குக் கிடைக்கிற மூன்று ஏக்கர் விளையுமா விளையாதா என்று நான் சொல்ல வேண்டுமாம். காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு மண் தெரியும் என்பது தங்கையின் நம்பிக்கை. பதுளைக் கடைத்தெருவில் பதினைந்து வருஷமாகத் துணி கிழிக்கிறவனுக்கு என்ன தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை.

ரயில் இன்னும் பண்டாரவளையோடு நின்றுவிடுவதால் மாட்டுக் கரத்தைதான் கதி. காலை ஐந்தரைக்கு ஏறினேன். ஏழு மைலுக்கு ஐம்பது சதம். வண்டிக்காரர் நாலு இடத்தில் நிறுத்தி வெற்றிலை போட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசி ஒரு மைலை இறங்கி நடந்தேன். எட்டேகாலுக்கு நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் வண்டி வந்தது.

முத்தையா மண்வெட்டியோடு காத்திருந்தார். முழங்கால் ஆழம் வெட்டினோம். கறுப்பு வண்டல், ஒரு கல் தட்டுப்படவில்லை. உருட்டினால் உருண்டது, அழுத்தினால் உதிர்ந்தது. தண்ணீருக்கு எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: ஊறவைத்த துவரம்பருப்பு ஒரு பிடி. மூன்று கல் கூட்டி ஓயாத் தண்ணீரில் வேகவைத்தோம். உப்புத் தண்ணீரென்றால் பருப்பு வேகாது. இது அரை மணியில் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் வெள்ளம் வண்டலைப் போட்டுவிட்டு மரியாதையாகப் போய்விடும். அந்த நினைப்பில் சரி என்று தலையாட்டப் போனேன்.

அப்போதுதான் கரையிலிருந்த மருதமரத்தை நிமிர்ந்து பார்த்தேன். கிளைகளில் குருவிக்கூடு மாதிரி காய்ந்த குப்பை, கைக்கு எட்டாத உயரத்தில். கம்பால் தட்டினேன். வைக்கோலும், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் விழுந்தன. நிலத்துக்காரர் சிங்களவர், அவரிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். ஐப்பசி கார்த்திகையில் ஓயா அந்த உயரத்துக்கு வரும், மேலே தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து போடும், நிற்கிற பயிரை எடுத்துக்கொண்டு போகும். அவருடைய வீடும் வயலும் மேட்டில்தான் இருந்தன.

மாப்பிள்ளை, இன்றைக்கே தோட்டத்துத் துரையைப் பார்த்து நோட்டீஸைத் திருப்பி வாங்குங்க என்று கத்தியேவிட்டேன். அவர் குழியை மூடிக்கொண்டே சொன்னார்:

“வெள்ளம் வருஷத்துக்கு ஒரு தடவதான் வருது மச்சான். தோட்டத்துல பேர் கூப்பிடுற பெரட்டுக்குத் தெனமும் விடியறதுக்கு முன்னாடி போயி நிக்கணும்.”

இருவருமாகப் போய் நிலத்துக்காரரிடம் மேட்டில் ஒரு குடிசைக்கு இடம் கேட்டோம். கொடுத்தார். ஞாயிறன்று குடி வந்துவிட்டார்கள்.

ஆற்றோரம் நிலம் தேடுகிறவர்கள் மண்ணைத் தோண்டுமுன் மரத்தைப் பாருங்கள். மிளகாயோ வெங்காயமோ, புரட்டாசிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிற பயிராகப் போடுங்கள். குடிசை மேட்டில் இருக்கட்டும். கரத்தையை நம்பாமல் நடந்துவிடுங்கள்.

இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. மூன்று நாளாக மழை. கடையில் என் கை அளவு தப்புகிறது. யார் உள்ளே வந்தாலும் ஓயா எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். நேற்று தங்கை ஆள் மூலம் செய்தி அனுப்பியிருந்தாள். தண்ணீர் வயலுக்குள் வந்துவிட்டதாம். முத்தையா வெயில் ஏறும்வரை தூங்குகிறாராம், எழுப்ப மனசு வரவில்லையாம்.