காற்றுப் புகாத வீடு

மாமாவும் அத்தையும் மலைக்குக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்தும் வெளிச்சம் வராத மழைநாள். மாமா காரின் பின்கதவை மூடினார். மனசு ஒப்பாமல் திறந்து, ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "உள்ள என்ன ஐஸ்கிரீமா இருக்கு? ஏறுங்க" என்றாள் அத்தை.

மாமா, என் அம்மாவின் தம்பி. மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கும் குளிர்கிடங்கில் கதவுகளைக் கவனிப்பது அவர் வேலை. கதவைச் சுற்றி ஓடும் ரப்பரில் ஒரு நூல் இடைவெளி விழுந்தால் போதும், உள்ளே பனி படிந்து சரக்கு வீணாகும். புறங்கையை நனைத்துக் கதவோரமாக மெல்ல நகர்த்துவார். எங்கே கசிகிறது என்று தோலே அவருக்குச் சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஜன்னல் விளிம்பெல்லாம் பஞ்சுப் பட்டை, கதவுக்கு அடியில் ரப்பர் நாக்கு. மூடி போட்ட டப்பாவில் குடித்தனம் நடத்துவதாக அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் லீவு போட்டதே கிடையாது. வேறொருவன் தன் கதவுகளைச் சாத்துவான் என்ற நினைப்பே அவருக்கு ஆகாது. இந்த வருஷம் அத்தை விடவில்லை. ஒரு தடவையாவது மேகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சில வருஷம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்து அவர்கள் வீட்டுப் பின்னறையில் ஒண்டியிருந்தேன் நான். அதனால் வீடு தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு வாடகை மலைவீடுகளைப் பார்த்தோம். பள்ளத்தாக்கு, பைன் மரங்கள், மூடுபனி என்று படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மலை எங்க ஓடிடப் போகுது? கதவைக் காட்டு."

காட்டை ஒட்டிய ஓரறை மரவீடு ஒன்று அத்தைக்குப் பிடித்துப்போனது. மூலையில் புகைபோக்கி வைத்த இரும்புக் கணப்பு. இடுக்கில் காற்று வருமா என்று மாமா கேட்கச் சொன்னார். மரவீடு, கொஞ்சம் வரத்தான் செய்யும், கணப்பு மூட்டினால் தெரியாது என்று வீட்டுக்காரம்மா பதில் அனுப்பினார். "கொஞ்சமாம்" என்றார் மாமா, யாரோ அவரைத் திட்டிவிட்ட மாதிரி. அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் கிடங்கில் மிஞ்சிய பட்டை, ஒட்டுநாடா, பசைக்குழாய் என்று ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்தது. துணிமணிப் பையைவிட, அவற்றைத் திணித்த பை பெரிதாக வளர்ந்தது.

பயணத்தில் ஒருமுறை, கரியடுப்பை மூட்டிவிட்டு அப்படி அடைத்துப் பூட்டிய குடிசையில் தங்கியிருக்கிறேன். காலையில் யாராலும் தலையைத் தூக்க முடியவில்லை. ஒருத்தி தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்ததால் பிழைத்தோம்.

"நெருப்புக்கும் காத்து வேணும் மாமா. எல்லாத்தையும் அடைச்சா விஷப்புகை உள்ளயே தங்கிடும்" என்றேன்.

"அடி ஊர்சுத்தி, புகை வந்தா என் மூக்குக்குத் தெரியாதா?"

"தெரியாது. அதுக்கு வாசனையே கிடையாது."

வாசனை இல்லாத புகையை இவள் எந்த ஊரிலிருந்து வாங்கி வந்தாளோ என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிச் சிரித்தார். நான் அத்தையைத் தனியாகப் பிடித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஜன்னலை நான் பாத்துக்கறேன்டி. அவருக்குத் தெரியாம ஒரு விரக்கடை திறந்து வெச்சிடறேன்" என்றாள். அந்த வார்த்தையை நம்பித்தான் வழியனுப்பினேன்.

அவர்கள் போன பிறகு, சும்மா இருக்க முடியாமல், வீட்டின் படங்களை மறுபடி பார்த்தேன். ஜன்னலைப் பெரிதாக்கினேன். கீல் இல்லை, கொக்கி இல்லை. சட்டத்தோடு பதித்த ஒரே கண்ணாடி.

மாமாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. அத்தையுடையதும் அப்படியே. வீட்டுக்காரம்மா கிடைத்தார். ஜன்னல் காட்சிக்காக வைத்தது, திறக்க வராது என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது. மலைவீட்டுக் காவல்காரர் சரிவில் கீழே இருந்தார். ஓடை பெருகிப் பாதையை மூடியிருந்தது. தண்ணீர் வடிந்த உடனே அவரை ஏறச் சொல்வதாக வீட்டுக்காரம்மா சொன்னார். வாயைத் திறந்து அபசகுனமாகப் பேசாதே என்று அம்மா என்னை அதட்டினாள். ஆனால் அவளும் போனை விட்டு நகரவில்லை.

மறுநாள் முற்பகலில்தான் காவல்காரர் மேலே போய்ச் சேர்ந்தார். தட்டினார், பதில் இல்லை. தோளால் முட்டியும் கதவு லேசில் அசையவில்லை, உள்பக்கம் நாலு விளிம்பிலும் அவ்வளவு நேர்த்தியாகப் பட்டை ஒட்டியிருந்தது. அத்தை கதவருகே தரையில் கிடந்தாள். உயிர் இருந்தது. மாமா கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவரை எழுப்ப முடியவில்லை. அந்த வீட்டில் இப்படியொரு கதகதப்பைத் தான் பார்த்ததே இல்லை என்று காவல்காரர் பிறகு எங்களிடம் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அத்தை இப்போது அம்மா வீட்டில் எங்களோடு இருக்கிறாள். சில சமயம் பேச்சு நடுவில் வார்த்தை கிடைக்காமல் நிற்பாள். போலீஸ் திருப்பித் தந்த மாமாவின் போனை அவருடைய ஸ்வெட்டரில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். குளிர்காலமெல்லாம் கழிந்து, ஒரு மத்தியானம், யாரிடமும் சொல்லாமல் அதை எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறாள். நான் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். என் போன் அதிர்ந்தது. மாமாவின் பெயர். மலையிலிருந்து வெளியேற முடியாமல் அதற்குள்ளேயே தங்கிக் கிடந்த செய்தி:

"அத்தை அசந்து தூங்கறா. மழையில ஒண்ணும் தெரியல. காலையில படம் எடுத்து அனுப்பறேன். எனக்கும் லேசா தலைவலி. ஒண்ணுமில்ல, கார் ஓட்டின அலுப்பு."