தம்பிக்காகத் தூது போன ஞாயிற்றுக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன், பெப்ரவரி மாதத்து ஒரு ஞாயிறு மத்தியானம், மொன்றியலில் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் நடந்தது இது. எழுத இவ்வளவு காலம் எடுத்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. இந்தக் கதையில் முட்டாள் நான்தான்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்தவள் நான். அவனுடைய கல்யாணத்தில் மணவறையில் தோழியாக நின்றவளும் நானே. கல்யாணமாகி ஏழாவது வருடம் அவன் தன் பெண்சாதியின் கையை முறித்தான்; அவள் எனக்கு மச்சாள், அவளுக்கு நானும் மச்சாள். அதற்கு முன்பும் அடித்திருக்கிறான். "கோபக்காரன், ஆனால் நல்லவன்" என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கை முறிந்த அன்று மச்சாள் பொலிஸுக்குப் போனாள். அவளையும் ஆறு வயது மகளையும் அவன் நெருங்கக் கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் கட்டளை போட்டது. அவள் பிள்ளையோடு வேறு வீட்டுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் அந்த விலாசம் தெரிந்த ஒரே ஆள் நான். அவ்வளவு நம்பினாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புருஷனும் பெண்சாதியும் பிரிந்தால், மூத்த ஆள் ஒருவர் போய்க் கதைத்து ஒற்றுமையாக்கி விட வேண்டும். நான் அதில் பேர்போனவள். மூன்று குடும்பங்களைச் சேர்த்து வைத்த தலைக்கனம் வேறு. கோர்ட்டுக் கடுதாசி மற்றவர்களுக்கு, எங்களுக்குச் சொந்தபந்தம் போதும் என்ற நினைப்பு. தம்பி இரண்டு தரம் கட்டளையை மீறி அவளுக்குப் போன் எடுத்தும் எச்சரிக்கையோடு விட்டிருந்தார்கள். அதனால் எனக்கும் பயமில்லை, அவனுக்கும் பயமில்லை.

"அக்கா, நான் திருந்திட்டன் எண்டு சொல்லுங்கோ. கேஸை விடச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பாள்" என்று அழுதான். எனக்கு மனம் கரைந்தது. அன்று நல்ல பனி, பஸ் ஒழுங்காக ஓடவில்லை. தானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். நானும் பெரிய புத்திசாலி மாதிரி, இரண்டு தெரு தள்ளி, தெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடை வாசலில் இறங்கிக்கொண்டு, அவனைத் திரும்பிப் போகச் சொன்னேன். சட்டத்தையும் மதித்தாயிற்று, தம்பியின் வேலையும் முடிந்தது என்று ஒரு திருப்தி.

மச்சாள் தேத்தண்ணி ஊற்றினாள். நான் தூதைத் தொடங்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, அடுப்பை நிற்பாட்டினாள்.

"மச்சாள், இது அவர் சொல்லிவிட்டதுதானே? ஆள் விட்டுக் கதைக்கிறதும் குற்றம்தான். அந்தா, கடுதாசியில இருக்கு." குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் குடும்பமா, கள்ளர்களா என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்: "இந்தப் பனிக்குள்ள எப்பிடி வந்தனீங்கள்?"

சொன்னேன். அவளுடைய முகம் வெளிறிப் போனது. நான் சொல்லி முடிக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. புதுப் பனியில் என் சப்பாத்துத் தடம் இரண்டு தெருவுக்கும் கோடு போட்டது போலக் கிடந்திருக்கிறது. கட்டடத்தின் கீழ்க்கதவை யாரோ திறக்க, அந்தத் தடத்தைப் பிடித்து வந்த தம்பியும் உள்ளே வந்துவிட்டான்.

"கதவைத் திற! கதைக்கத்தான் வந்தனான்!" கதவு அதிர்ந்தது.

அடுத்து நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதுவரை ஒரு மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த என் மருமகள், தம்பியின் மகள், எழுந்தாள். அழவில்லை, கத்தவில்லை. தன் சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பழகிப்போன வேலை. கோபக்காரன், ஆனால் நல்லவன் என்று நான் சொல்லித் திரிந்த வாய்க்கு மண்ணைத்தான் போட வேண்டும்.

நான் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி நின்றேன். மச்சாள் பொலிஸுக்குப் போன் செய்தாள். குரல் நடுங்கவில்லை. கட்டளை இருக்கிறது, மீறி வந்து நிற்கிறார், வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று மூன்றே வசனம். முன்பெல்லாம் விருந்துகளில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படும் பெண் அவள்.

பொலிஸார் இருவர் வந்தார்கள், ஒருவர் பெண். தம்பி உடனே நல்ல பிள்ளையாகி, மனைவிதான் கூப்பிட்டாள் என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், சிரித்த முகத்தோடு, "அக்கா, இவள்தான் வரச்சொன்னவள் எண்டு சொல்லுங்கோ. இவையளுக்கு என்ன விளங்கப் போகுது" என்றான்.

அந்தப் பெண் பொலிஸ் என்னிடம் திரும்பி, அவர் என்ன சொல்கிறார் என்று பிரெஞ்சில் கேட்டார்.

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். ஆடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். குளியலறைக் கதவு இன்னும் பூட்டியே இருந்தது. கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைப்பவள் நான். என் பிரெஞ்சு கரட், சூப், கை கழுவு என்ற அளவுதான். அந்தப் பிரெஞ்சிலேயே, பொய் சொல்லச் சொல்கிறான் என்றேன். அவள் கூப்பிடவில்லை, என்னைத் தூது அனுப்பியவன் இவன், என் பின்னால் வந்து வீட்டைக் கண்டுபிடித்தான் என்று தட்டுத் தடுமாறி முழுவதையும் சொன்னேன். அவனுடைய சிரிப்பு நின்றது. விலங்கு மாட்டினார்கள்.

இந்த முறை எச்சரிக்கையோடு போகவில்லை. குடும்ப வன்முறை வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றப் பிரிவு வந்திருந்தது. இதில் பழகிய ஆட்கள் மச்சாளுடன் இருந்து ஒவ்வொரு படியையும் விளங்கப்படுத்தினார்கள். பிணை கிடைத்தபோதுகூட, அவன் காலில் ஒரு கருவி மாட்டித்தான் விட்டார்கள். அவன் கிட்ட வந்தால் அவளுக்கும் பொலிஸுக்கும் தெரிந்துவிடும். வழக்கில் நான் சாட்சி சொன்னேன். மச்சாளும் சொன்னாள், தமிழில், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று. குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததும் வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "மச்சாள், பசிக்குது" என்றாள். இருவரும் சிரித்துக்கொண்டே மெட்ரோவுக்கு நடந்தோம். அன்று எங்களுக்கு இருந்த சந்தோஷத்துக்கு ஊர்வலமே போயிருக்கலாம்.

கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று சில சொந்தங்கள் என் வீட்டுப் படி ஏறுவதில்லை. ஏறாவிட்டால் தேத்தண்ணி மிச்சம். பிரிந்தவர்களைச் சேர்த்துவிடச் சொல்லி இப்போதும் யாராவது கேட்டால், அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்றுதான் முதலில் கேட்கிறேன். தம்பி என்னோடு கதைப்பதில்லை, அது வலிக்காமல் இல்லை. ஆனாலும் இந்த நாட்டுக்கு வந்து நான் பேசிய அத்தனை பிரெஞ்சிலும், பிழை பிழையாகச் சொன்ன அந்த நாலு வசனத்தை நினைத்தால்தான் எனக்குத் தலை நிமிர்கிறது.