ஈவ்ஸ்டிராப்புக்கு ஒரு சொந்த வாக்கியம்

திருவனந்தபுரம் தம்பானூரில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில், ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கெல்லாம் ஆங்கிலம் வர வேண்டும் என்று மேனேஜருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் லாட்ஜுக்கு வேறு ஓட்டலுக்கு வழி கேட்க மட்டும்தான் வருவார்கள் என்பது தனிக் கதை. எங்கள் மூன்று பேரையும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். தானும் சேர்ந்துகொண்டார். தினமும் காலையில் ஒரு புதிய சொல் வரும். பொருளையும் உபயோகத்தையும் டீச்சர் விளக்குவார். மாலைக்குள் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியத்தைக் குரல் பதிவாக அனுப்ப வேண்டும். புத்தகத்தில் இருப்பதை அனுப்பினால் டீச்சர் கண்டுகொள்ள மாட்டார். சொந்த வாழ்க்கையில் நிஜமாக நடந்ததைச் சொன்னால் எல்லோர் முன்னாலும் பாராட்டுவார். நான் பாராட்டுக்கு அலைகிறவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் தமிழ். வெளியே மலையாளம். ஆறாம் வகுப்பில் ஒருத்தி, தமிழர்களைக் கேலி செய்யும் சொல்லால் என்னைப் 'பாண்டி' என்று கூப்பிட்டதிலிருந்து, வெளியில் வாய் தவறியும் எனக்குத் தமிழ் வராது. லாட்ஜில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அறைகளைச் சுத்தம் செய்ய தென்காசிப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என்னைச் சேச்சி என்பார்கள், தெரிந்த அளவு மலையாளத்தில் பேசுவார்கள். ரிசப்ஷனுக்குப் பின்னால் இருக்கும் துணி அறையில் விரிப்புகளை மடிக்கும்போது மட்டும் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வார்கள். அவர்களுடைய மாமியார், நாத்தனார், நாத்தனாரின் புருஷன் வரை எனக்கு மனப்பாடம். நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான்.

அன்று காலை மூத்தவள் கேட்டாள்.

"எத்தன மாசம்ட்டி?"

"நாலுக்கா. யாருட்டயும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா நாளைக்கே அனுப்பிருவானுவ."

"மூணு மாடி வாளியத் தூக்கிட்டு ஏறுதியேட்டி."

"ஓணம் முடியுத வரைக்கும் ஓட்டிட்டேன்னா போதும்க்கா. மழ வந்தா அவருக்கு விழிஞ்ஞம் ஹார்பர்ல வேல கெடையாதுல்லா. பொறவு அம்மைட்ட போயிருவேன்."

எனக்கு அவளை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து, போனில் அன்றைய சொல் வந்தது. ஈவ்ஸ்டிராப்.

ஒட்டுக் கேட்பது என்று உடனே தமிழ் வந்து நின்றது. டீச்சரோ, கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் நின்றுகொண்டு வீட்டுக்குள் பேசுவதைக் கேட்பது என்று அந்தச் சொல் பிறந்த கதையெல்லாம் சொன்னார். கேட்க அழகாக இருந்தது. 'நான் ஒட்டுக் கேட்டேன்' என்று தமிழில் நாலு பேர் முன்னால் சொல்லச் சொல்லியிருந்தால் கூசிச் செத்திருப்பேன். ஆங்கிலத்தில் எனக்குக் கூச்சமே வரவில்லை. அப்போதுதான் கடையிலிருந்து வாங்கி வந்த பாத்திரம்போல அந்தச் சொல்லில் ஒரு கறையும் இல்லை.

எங்கள் லாட்ஜின் துணி அறையில் இரண்டு பெண்கள் பேசியதை நான் ஒட்டுக் கேட்டேன், அதில் ஒருத்திக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டேன். இதுதான் நான் ஆங்கிலத்தில் அனுப்பிய வாக்கியம். மூன்று தடவை பதிவு செய்து, நன்றாக வந்ததை அனுப்பினேன். டீச்சர் கைதட்டும் படங்களாகப் போட்டுத் தள்ளினார்.

பெயர் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு சமாதானம். துணி அறையில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்திக்குப் பேரன் இருக்கிறான். மேனேஜர் குழுவில் இருப்பதை மறந்துவிட்டேன் என்றும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். மறக்கவில்லை. அவர் எங்கே இதையெல்லாம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்னை மெச்சட்டும் என்றும் நினைத்தேன். அந்த நேரத்தில் அவளைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை என்பதுதான் என்னை இன்றும் குத்துகிறது.

மறுநாள் காலை மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"ஆ பெண்ணு இனி வரண்டா. ஸ்டெப்பில்நிந்நு வீணால் ஆரு சமாதானம் பறயும்?" என்றார். அந்தப் பெண் இனி வர வேண்டாம், படியிலிருந்து விழுந்தால் யார் பதில் சொல்வது என்கிறார். இரண்டு அடி போய்த் திரும்பி, "சென்டென்ஸ் கொள்ளாம் கேட்டோ" என்று என் வாக்கியத்தை மெச்சினார்.

'சாரே, அது நான் சும்மா கற்பனையாகச் சொன்னது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்து வைத்தேன்.

மத்தியானம் அவள் யூனிஃபார்மை மடித்து எடுத்துக்கொண்டு ரிசப்ஷனுக்கு வந்தாள். திருப்பிக் கொடுத்ததற்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டியது நான். மூத்தவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஒங்ககிட்ட மட்டுந்தானக்கா சொன்னேன்."

"எம்பேரன் மேல சத்தியமா நான் சொல்லலட்டி."

"பொறவு செவுரா போயிச் சொல்லிச்சு?"

குனிந்து பதிவேட்டில் பக்கத்தைத் தேடினேன். அந்தப் பக்கம் முன்பே திறந்துதான் இருந்தது. மூத்தவள் அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினாள். தனக்குத் தெரிந்த மலையாளத்தில், "சேச்சி, ஞான் ஆரோடும் பறஞ்ஞில்லா. சேச்சி அவளோடு ஒந்நு பறயூ" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள் என்கிறாள். சின்னவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் எதையாவது சொன்னால் நம்பலாம் என்று அவளும் காத்திருந்ததுபோல இருந்தது.

எனக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் என்ன பேசிக்கொண்டீர்கள் என்றே புரியவில்லை என்று, ஒரு பிசிறும் இல்லாத மலையாளத்தில் சொன்னேன்.

இரண்டு பேரும் நம்பினார்கள்.