தம்பியின் கார் இழுக்கவில்லை

தம்பி இறந்த பிறகு அவனுடைய கார் இழுக்க மறுத்தது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். நின்ற இடத்தில் ஒழுங்காக உறுமும். தெருமுனை வரைக்கும் சமர்த்தாக வரும். அல்சூர் ஏரிப் பக்கம் திரும்பி ஆக்ஸிலேட்டரை அழுத்தினால்தான் வினை. எஞ்சின் மூச்சு வாங்குமே தவிர வேகம் வராது. ஒருநாள் மேம்பாலத்தில் ஏறும்போது, ஆள் நிறைந்த ஆட்டோ ஒன்று அப்பாவையும் என்னையும் முந்திக்கொண்டு போனது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தம்பி பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். இரண்டே கதவு வைத்த, தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை யாரிடமோ வாங்கி வந்தான். வீட்டு முன்னால் ஷெட்டில் அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே அவன் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சைலன்சரை மாற்றினான். டர்போ வைத்தான். டர்போ என்பது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற கருவி. அமுக்கினால் காற்று சூடாகுமாம். அதை ஆற்றுவதற்குக் காரின் முன்பக்கம் ரேடியேட்டர் மாதிரி இன்னொரு பெட்டி உண்டு, இன்டர்கூலர். இதையெல்லாம் நான் கேட்காமலே சொல்லுவான். சாப்பிடும்போதும் சொல்லுவான். டர்போவின் விசில் சத்தம் கேட்டால் அவன் தெருவுக்குள் நுழைந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டு தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன்.

அப்பாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளில் ஒருமுறைகூட ஹாரன் அடிக்காமல் கார் ஓட்டியவர். “இது காரா, தீபாவளிப் பட்டாசா?” என்று கேட்பார். சத்தத்தைவிட அவருக்குப் பெரிய குறை பனியன். கொடியில் காயப்போட்ட கைவைத்த பனியன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பிறகு கிரீஸ் துடைக்கிற துணியாக ஷெட்டில் கண்டெடுக்கப்படும். அம்மா போன பிறகு எங்கள் மூன்று பேர் வீட்டில் கலகலப்பு என்றால் அந்தப் பனியன் சண்டைதான். “புதுசு வாங்கித் தரேன்ப்பா, பழசு கொடுங்க. பழசுதான் நல்லா உறிஞ்சும்” என்பான் தம்பி. அப்பா எழுந்து போய் மிச்சமிருக்கும் பனியன்களைப் பீரோவில் பூட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, டர்போவில் இருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாய்களைக் கழற்றிப் போட்டான். மறுநாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன். டெங்கு. ஆஸ்பத்திரிக்குப் போன என் தம்பி, காரை மூடுவதற்குத் திரும்பி வரவே இல்லை.

காரியம் முடிந்த மறுநாள், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு முன்னால் உட்கார்ந்தார். “பையன் திறந்து போட்டுட்டுப் போயிட்டான். அப்படியே விடலாமாம்மா?” என்றார். தம்பி தரையில் வரிசையாக வைத்திருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, கிளாம்ப் போட்டு முறுக்கினார். யாரையும் கிட்டே விடவில்லை. ஜன்னலுக்கு உள்ளே நின்று ஸ்பானர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே போக எனக்குத் தைரியம் இல்லை.

அப்படி மூடிய கார்தான் இழுக்காமல் போனது.

அப்பா முதலில் வருத்தப்பட்டார். அப்புறம் அவருக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. “அதுக்குத் தெரியும்மா. அவன் கை பட்டாத்தான் ஓடும்.” துக்கம் விசாரிக்க வருகிறவர்களையெல்லாம் ஷெட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கன்னடத்தில் சொல்லுவார், உறவுக்காரர்களிடம் தமிழில். வளர்த்தவன் போனால் நாய் சோறு தின்னாமல் படுத்துக்கொள்ளும் அல்லவா, அந்த மாதிரி இதுவும் என்பார். வெள்ளிக்கிழமை தோறும் பானெட் மேல் ஒரு முழம் மல்லிகை வைத்தார். ஒரு காலத்தில் அந்தப் பானெட்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறவள். ஒன்று ஓடவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்பதுதான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு நம்புகிற விஷயம். என் தம்பி ஏன் செத்தான் என்ற கேள்விக்கு எந்த டாக்டரும் எனக்குத் திருப்தியாகப் பதில் சொல்லவில்லை. கார் ஏன் இழுக்கவில்லை என்பதற்காவது பதில் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

“இரும்புக்கெல்லாம் துக்கம் கிடையாதுப்பா” என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவர் மல்லிகைப் பூவைச் சரிசெய்தார்.

மெக்கானிக்குகள் வந்தார்கள். ஒருத்தர் காரைச் சுற்றி வந்துவிட்டு, “பிக்கப் இல்லேன்னா ஃபியூயல் பம்ப்தான் மேடம், கண்ணை மூடிட்டு மாத்துங்க” என்றார். இன்னொருத்தர் கிளட்ச் என்றார். மூன்றாவது ஆள், “மாடிஃபை பண்ண வண்டியே இப்படித்தான். ஒரிஜினலா இருந்தா ஏன் இந்தத் தொந்தரவு?” என்று உபதேசம் செய்தார். காப்பி கொடுக்காமல் அனுப்பினேன்.

கடைசியில் தம்பியுடன் வேலை பார்த்த நண்பனைக் கூப்பிட்டேன். ஓசூர்க்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியோடு அந்தக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். அதனாலேயே இத்தனை நாளாக எங்கள் வீட்டுப் பக்கம் வர அவனால் முடியவில்லை. காலையில் வந்தவன் முதலில் கொஞ்ச நேரம் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு வேலையை ஆரம்பித்தான்.

பெட்ரோல் வரும் அழுத்தத்தைப் பார்த்தான், சரியாக இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், அதுவும் சரி. குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தான். ஒரு இழை புகைகூட வெளியே வரவில்லை. “அங்கிள் கிளாம்ப் எல்லாம் சூப்பரா போட்டிருக்காரு அக்கா. என்னைவிட டைட்டா” என்றான். அப்பா வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டர்போவை ஒட்டி, காற்றழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை மாட்டி என் கையில் கொடுத்தான். அவன் ஓட்ட, நான் முள்ளைப் பார்த்தேன். அழுத்தியதும் முள் எகிறியது. அதே கேஜை எஞ்சின் பக்கத்தில் மாற்றி மாட்டி ஓட்டினான். முள் லேசாக அசைந்து படுத்துக்கொண்டது.

“டர்போ நல்லா ஊதுது அக்கா. ஊதற காத்து எஞ்சினுக்குப் போய்ச் சேரல. நடுவுல எதுவோ அடைச்சிட்டிருக்கு.”

வீட்டுக்கு வந்து இன்டர்கூலரின் வாயில் இருந்த குழாயைக் கழற்றினான். உள்ளே விரல்களை விட்டவன் அப்படியே நின்றான். மெதுவாக இழுத்தான். கறுத்துப்போன துணிச் சுருள் ஒன்று வந்தது. பிரித்தால், அப்பாவின் கைவைத்த பனியன்.

“பைப்பைக் கழட்டினா வாயில துணி அடைச்சு வைப்போம் அக்கா, நட்டு கிட்டு எதுவும் உள்ள விழுந்துடக் கூடாதுன்னு. வால் மாதிரி கொஞ்சம் வெளிய தொங்க விடுவோம். மூடும்போது அதைப் பார்த்து எடுத்துடுவோம். அவன் இதை மறக்கவே மாட்டான்.” பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுல வால் எப்படி உள்ள போச்சுன்னு தெரியலையே.”

“வால் இருந்துச்சுப்பா” என்றார் அப்பா. எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. “நான்தான் உள்ள தள்ளினேன்.”

நண்பன் கையில் இருந்த பனியனை வாங்கிக்கொண்டார்.

“தண்ணிக் குழாயில நூல் சுத்தி முறுக்குவாங்களே, அந்த மாதிரி ஏதோ பேக்கிங் வச்சிருக்கான்னு நெனச்சேன். என் பனியன்னு அப்பவே தெரிஞ்சுது. அவன் வச்சதை நான் எப்படிப்பா எடுக்கறது?”

எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, காரியத்தன்று வராத அழுகை, அந்த எண்ணெய்ப் பனியனைப் பார்த்து வந்தது. நண்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளாம்பை முறுக்க ஆரம்பித்தான். அவன் தோள்களும் குலுங்கின.

எல்லாவற்றையும் மூடிய பிறகு, “நீங்களும் அங்கிளும் போயிட்டு வாங்க அக்கா” என்று சாவியை என்னிடம் கொடுத்தான். அப்பா பனியனை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அதே மேம்பாலம். ஏற்றத்தில் அழுத்தினேன். கார் எங்கள் இருவரையும் சீட்டோடு தள்ளியது. தம்பி தெருவுக்குள் நுழையும்போது கேட்குமே, அந்த விசில், அப்படியே, ஒரு குறையும் இல்லாமல் கேட்டது. ஆட்டோக்களும் கேப்களும் பின்னால் போயின. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

“பாத்தீங்களாப்பா? நான் சொன்னேன்ல? காரணம் இருக்கும்னு சொன்னேன்ல?”

வீடு வந்து சேரும்வரை அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனின் காரைத் தானே கெடுத்துவிட்டோம் என்று மருகுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஷெட்டில் நிறுத்தியதும், “விடுங்கப்பா, யாருக்கா இருந்தாலும் தெரியாது” என்று சமாதானம் சொல்லப் போனேன்.

அதற்காக இல்லை என்று தலையாட்டினார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சீராக, ஒரு பிசிறு இல்லாமல்.

“அவன் போன மறுநாளே எல்லாம் ஓட ஆரம்பிச்சிடுச்சும்மா. பால்காரன் வந்தான், மெட்ரோ ஓடுச்சு, நீ ஆபீஸ் போனே, நான் மூணு வேளையும் சாப்பிட்டேன். இது ஒண்ணுதான் முடியாதுன்னு நின்னுச்சு.”

பனியனைத் தடவினார்.

“இப்ப இதுவும் ஓடுதே.”

நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.