டெலிபோன் 318

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் கடைப் பலகை எழுதுகிற சூசையைத் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவனுக்குக் கதை கட்டத் தெரியாது.

2004 ஆகஸ்ட். புதுச்சேரியில் வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் சுவரில் செல்போன் விளம்பரம் எழுத வந்திருந்தான். உச்சி வெயில். மனசு மட்டும் கோரிமேட்டில். தம்பி ஜோசப் ஆனந்த் அங்கே ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையோடு கிடந்தான். பிழைத்து வந்தால் அவனுக்குக் கடை வைத்துக் கொடுப்பதாகச் சூசை சொல்லியிருந்தான். கடை வாசலில் மாட்ட, லைட் எரிகிற பெயர்ப் பெட்டிக்குக் காலையில்தான் சேதராப்பட்டுப் பட்டறைக்குப் போன் செய்திருந்தான்.

சுவரில் பழைய எழுத்து தெரிந்தது. முன்பாதியைச் சினிமா போஸ்டர் மறைத்திருந்தது.

'...பெட்டி கிடைக்கும். டெலிபோன் 318.'

மூன்றே எண்! சூசைக்குச் சிரிப்பு வந்தது. புது செல்லில் விளையாட்டாக அழுத்தினான்.

ட்ரிங்... ட்ரிங்...

"அலோ. பெட்டிதானே? அளவு சொல்லுங்க முசே." பிரெஞ்சுக்காரன் காலத்து 'ஐயா'.

லைன் பட்டறைக்குப் போய்விட்டது என்று சூசை நினைத்துக்கொண்டான்.

"ஆறுக்கு ரெண்டு."

"பேரு?"

"ஜோசப் ஆனந்த்."

"அஞ்சு மணிக்கு ரெடியா இருக்கும்."

லைன் கட்டானது. சூசை வேலையைத் தொடங்கப் போஸ்டரைக் கிழித்தான்.

'சவப்'.

சவப்பெட்டி...

மறுபடி 318 அழுத்தினான். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது ரெக்கார்டு குரல்.

பூட்டிய கதவுக்குப் பின்னால்... சர்ர்... சர்ர்...

யாரோ மரம் இழைத்தார்கள்.

சூசை ஓடினான்.

மாலை ஐந்து மணி. தம்பியின் கையை விடவே இல்லை.

ஐந்தே கால்.

ஆறு.

தம்பி கண் திறந்து இட்லி கேட்டான். சூசை குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"இன்னாண்ணே, இட்லிக்கா அழுவுற?"

பத்து நாளில் தம்பி வீடு வந்தான். கடையும் திறந்தான்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பழைய கடையை இடித்தார்கள். இடிக்கப் போன கூட்டாளி கன்னியப்பன் சூசைக்குப் போன் செய்தான்.

"சீக்கிரம் வாயேன். உன் தம்பி பேரு போட்டு உள்ள ஒன்னு கெடக்குது."

ஒரே ஒரு பெட்டி. ஆறுக்கு இரண்டு. மூடியில் பெயர்.

'ஜோ'வின் கொம்பைச் சுழித்து முடித்திருந்த விதம்... சூசையின் கையேதான்.

தொட்டுப் பார்த்தான்.

பெயிண்ட் விரலில் ஒட்டியது.

தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். சூசைதான் தினமும் ஐந்து மணிக்கு அவனுக்குப் போன் செய்து, குரல் கேட்ட பிறகே மூச்சு விடுகிறான். ஐந்து மணி என்றுதான் அந்த ஆள் சொன்னார்.

எந்த நாள் என்று சூசை கேட்கவில்லை.